கற்ற ஸ்பானிஷைக் காப்பது எப்படி?

ஒரு மொழியைக் கற்பது கடினமா, கற்றதைக் காப்பது கடினமா என்று கேட்டால், காப்பதே கடினம் என்பேன். கற்கும்போது ஆசிரியர் இருக்கிறார். உடன் படிக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். தேர்வு என்னும் அச்சமும் இருக்கிறது. படிப்பு முடிந்த மறுநாளே இம்மூன்றும் ஒருசேர விடைபெற்றுக் கொள்கின்றன. அதன்பின் அந்த மொழி நம்மிடம் தங்குவதும் தங்காததும் நம் பாடு.

நான் பௌதிகம் படிக்கும் மாணவி. பட்டப் படிப்பின்போது இரண்டு ஆண்டுகள் மாலை வகுப்பில் ஸ்பானிஷ் பயின்றேன். "டில்லியில் இருந்துகொண்டு ஸ்பானிஷ் எதற்கு?" என்று நம் சங்கத்து அன்பர்கள் பலர் கேட்டதுண்டு. வானவியலில் நாட்டம் உடையவர்களுக்கு அது வீண் மொழி அன்று. உலகின் பெரிய தொலைநோக்கிகளுள் பல ஸ்பானிஷ் வழங்கும் மண்ணிலேதான் நிற்கின்றன. கனாரித் தீவுகளுள் ஒன்றான லா பால்மாவின் மலையுச்சியில் 10.4 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி இருக்கிறது. சிலி நாட்டின் அட்டகாமா பாலையில், சுமார் 5,000 மீட்டர் உயரத்தில், அல்மா நிலையத்தின் 66 அலைவாங்கிகள் வானை நோக்கி நிற்கின்றன. அங்கெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். ஆனால் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவரும், இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவரும், நடுநிசியில் சூப் கொண்டுவந்து வைக்கிறவரும் தமக்குள் பேசுவது ஸ்பானிஷ். அடுத்த ஆண்டு அப்படி ஓர் இடத்துக்கு ஆராய்ச்சி மாணவியாக விண்ணப்பம் அனுப்ப இருக்கிறேன். வகுப்பு முடிந்தோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விடுதியில் அந்த மொழி பேச ஓர் ஆள் இல்லை. ஆய்வகம் முடிந்து அறைக்குத் திரும்பும்போது மணி எட்டு. இலக்கணப் புத்தகத்தை விரித்தால் கண் தானே மூடிக்கொள்கிறது. எஞ்சி நிற்பது காது ஒன்றே.

அந்தக் காதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மொழியை எவ்வளவு தூரம் காப்பாற்றலாம்? இதையே இங்கு எழுத விரும்புகிறேன். பிரெஞ்சும் ஜெர்மனும் ஜப்பானிய மொழியும் படிக்கும் அன்பர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் மறதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1885-ஆம் ஆண்டில் எபிங்கௌஸ் என்ற ஜெர்மன் அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து அளந்தார். மறதி முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்லச் சாய்ந்து செல்லும் என்று கண்டார். ஆனால் பொருளற்ற அசை வேறு, மொழி வேறு அல்லவா? அந்த ஐயத்தைத் தீர்க்க நூறாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1984-இல் பாரிக் என்ற அமெரிக்க உளவியலார் ஓர் அருமையான ஆய்வை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட மொழி ஸ்பானிஷ் என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. பள்ளியிலோ கல்லூரியிலோ ஸ்பானிஷ் படித்த 733 பேரைத் திரட்டினார். சிலர் அப்போதுதான் படித்தவர்கள். சிலர் படித்து ஐம்பது ஆண்டு ஆனவர்கள். இடைக்காலத்தில் அவர்கள் அந்த மொழியை அதிகம் கையாண்டவர்களும் அல்லர். எல்லாரையும் சோதித்துப் பார்த்தபோது, படித்து முடித்த முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் அறிவு வேகமாகக் கரைவதும், அதன்பின் எஞ்சியது சுமார் முப்பது ஆண்டுகள்வரை பெரிதும் அப்படியே நிற்பதும் தெரியவந்தன. முதலில் ஆழமாகப் படித்தவர்களுக்கு எஞ்சியதும் அதிகமாக இருந்தது.

இந்த முடிவை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஆறுதலும் வந்தது, திகிலும் வந்தது. முப்பது ஆண்டு நிற்கும் என்பது ஆறுதல். வேகமாகக் கரையும் அந்த முதல் ஆண்டுகளில்தான் நான் இப்போது நிற்கிறேன் என்பது திகில். பிற்காலத்தில் ஓய்வாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இதில் இடமில்லை.

ஆகவே காதை நாடினேன். இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். காதில் விழுவது ஒன்று, கேட்பது மற்றொன்று. தமிழ் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. பக்கத்து அறையில் ஓடும் மின்விசிறி காதில் விழுகிறது; அதை நாம் கேட்பதில்லை. ஸ்பானிஷ் வானொலியைக் கைபேசியில் திறந்து வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், அதுவும் மின்விசிறியோடு சேர்ந்துவிடுகிறது. தூங்கும்போது ஓடவிட்டால் மொழி தானாக ஏறிக்கொள்ளும் என்று விற்பவர்களும் உண்டு. 1956-இலேயே எம்மன்ஸ், சைமன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்துகொண்டே அவர்கள் காதில் சொற்களை ஒலிக்கச் செய்து பார்த்தார்கள். உண்மையாகவே தூங்கியபோது ஒலித்த சொற்கள் விழித்தபின் நினைவுக்கு வரவில்லை. தூக்கத்தைத் தூக்கத்துக்கே விட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் 'சும்மா கேட்பது' வீண்தானா? இல்லை. கைக்கு வேலையும் மூளைக்கு ஓய்வும் உள்ள நேரங்கள் ஒவ்வொருவர் நாளிலும் ஒளிந்திருக்கின்றன. துணி துவைப்பது, மெஸ்ஸில் வரிசையில் நிற்பது, பேருந்துக்குக் காத்திருப்பது, அறை பெருக்குவது: இவற்றைக் கூட்டினால் எனக்கு நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் தேறுகிறது. அந்த முக்கால் மணியில் கேட்பது உள்ளே செல்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கேட்பதில் பெரும்பகுதி முன்னமே விளங்க வேண்டும். கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலார் 1980-களில் இதை வற்புறுத்தினார். விளங்கும் பேச்சைக் கேட்பதே மொழி வளர வழி என்றார். அவர் சொன்னவை முழுவதும் ஒப்புக்கொள்ளத் தக்கவை அல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன். இந்த ஒரு செய்தி மட்டும் என் அனுபவத்துக்கு ஒத்து வருகிறது.

விளங்குவதிலே ஸ்பானிஷுக்கு ஒரு தொல்லை, அதன் வேகம். 2011-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் சில மொழிகளின் பேச்சு வேகத்தை அளந்தார்கள். ஆங்கிலத்தில் நொடிக்கு 6.19 அசைகள், ஸ்பானிஷில் 7.82. வகுப்பில் ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் பேசிய மொழி, வானொலியில் ஆலங்கட்டி மழையாகக் கொட்டுகிறது. இதற்கு நான் கையாளும் உபாயம் செய்தி அறிக்கை. காலையில் நம் நாட்டுப் பத்திரிகையில் உலகச் செய்திகளைப் படித்துவிடுகிறேன். பிறகு ஸ்பெயின் தேசிய வானொலியின் செய்தியைக் கேட்டால், எந்த நாட்டில் தேர்தல், எங்கே வெள்ளம் என்பது முன்னமே தெரிந்திருப்பதால், மூளை பொருளுக்காகத் தடுமாறாமல் சொல்லைப் பற்றிக்கொள்கிறது. குளிர்காலத்தில் நம் மெஸ்ஸில் பன்னிரண்டரை மணிக்கு வரிசை நிற்கும்போது மாட்ரிட் நகரில் காலை எட்டு. அறிவிப்பாளர் நேரம் சொல்லிவிட்டு, 'கனாரியாவில் ஒரு மணி நேரம் குறைவு' என்று சேர்த்துச் சொல்வார். நான் போக விரும்பும் தீவு நாள்தோறும் இப்படி ஒரு முறை காதில் வந்து போகிறது.

காது பழகப் பழகச் சில இன்பங்களும் உண்டு. தமிழ்க் காதுக்கு ஸ்பானிஷ் முற்றிலும் அன்னியம் அன்று. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் அவர்கள் 'த' நம் 'அது' என்ற சொல்லில் வரும் 'து' போலவே மென்மையாக ஒலிக்கிறது. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெர்ரோ' என்றால் நாய். ரகர றகரத்தைப் பிரித்து உச்சரிக்கும் நாஞ்சில் நாட்டு நண்பர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். 'நான் காப்பியை விரும்புகிறேன்' என்ற ஆங்கில வழியை விட்டுவிட்டு, 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்னும் நம் வழியில்தான் ஸ்பானிஷும் செல்கிறது. வினையின் ஈறே யார் பேசுகிறார் என்று காட்டிவிடுவதால், 'நான்', 'நீ' என்று தனியே சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆனால் அந்த வினை ஈற்றிலேதான் ஆபத்தும் இருக்கிறது. 'ஆப்லோ' என்று முதல் அசையை அழுத்திச் சொன்னால் 'நான் பேசுகிறேன்' என்று பொருள். அதே 'ஆப்லோ'வில் கடைசி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்' என்றாகிவிடும். காலமும் மாறுகிறது, ஆளும் மாறுகிறது. மாறியது ஓர் அழுத்தம்தான். வானொலியில் 'நேற்று அமைச்சர்...' என்று தொடங்கிய உடனேயே நமக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. 'நேற்று' வந்துவிட்டது, 'அமைச்சர்' வந்துவிட்டார். இனி அந்த அழுத்தத்தைக் காது ஏன் கவனிக்க வேண்டும்? கவனிப்பதில்லை. விளங்கியது என்ற மகிழ்ச்சியோடு அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிடுகிறது. வாய் திறந்து நாமே சொல்ல வேண்டிய வேளையிலோ 'நேற்று' நமக்கு உதவிக்கு வராது. ஈற்றை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அழுத்தத்தை நாம்தான் வைக்க வேண்டும். கேட்பது மட்டும் போதாது என்பதன் காரணம் முழுவதும் இந்தச் சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கனடா நாட்டில் இதற்குப் பெரிய சான்று கிடைத்தது. 1965-இல் மான்ட்ரியல் அருகே, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் ஏற்பாடு தொடங்கிப் பிறகு நாடெங்கும் பரவியது. ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டு வளர்ந்த அப்பிள்ளைகளின் கேட்டறியும் திறன் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு நெருங்கி வந்தது. பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் மட்டும் பின்தங்கியே நின்றது. மெரில் ஸ்வெய்ன் என்ற அம்மையார் 1985-இல் இதைச் சுட்டிக்காட்டி, கேட்பதோடு நில்லாமல் தாமே வாக்கியத்தை உருவாக்க வேண்டிய நெருக்கடியும் மாணவர்க்கு வேண்டும் என்றார். கிராஷன் முழு உண்மை சொல்லவில்லை என்று முன்னே குறிப்பிட்டது இதை வைத்துத்தான்.

கனடா வரை போவானேன்? நம் சங்கத்திலேயே பாருங்கள். எங்கள் குடும்பம் கும்பகோணத்திலிருந்து டில்லிக்கு வந்தபோது எனக்கு வயது ஏழு, என் தம்பிக்கு இரண்டு. வீட்டில் தமிழ்தான். பாட்டி "வெந்நீரை விளாவி வை" என்றால் ஒரு சொட்டுத் தவறாமல் விளாவி வைப்பான். அந்த 'விளாவு' என்ற சொல்லை அவன் வாயால் சொல்லச் சொன்னால் இந்தியில் சுற்றி வளைப்பான். பாட்டி தமிழில் கேட்பதும் பேரன் இந்தியில் மறுமொழி சொல்வதும் டில்லித் தமிழ் வீடுகளில் அன்றாடக் காட்சி. காது தமிழ்க் காதுதான், நா வேறாகிவிட்டது. ஆனால் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் அவனைக் கும்பகோணத்தில் அத்தை வீட்டில் விட்டிருந்தோம். அத்தை பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடும்போது, அவுட்டா இல்லையா என்று வாதாடியாக வேண்டுமே! இந்தி அங்கே செல்லவில்லை. பத்தே நாளில் தமிழில் சண்டை போடத் தொடங்கிவிட்டான். புதிதாக எந்தச் சொல்லையும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எல்லாம் உள்ளேதான் இருந்தன. பத்தாண்டுக்கு மேல் காது சேர்த்து வைத்திருந்ததை நா பத்து நாளில் எடுத்துக்கொண்டது.

என் ஸ்பானிஷ் பற்றி நான் கொண்டுள்ள நம்பிக்கையும் இதுவே. அன்றாடம் கேட்பது என் நாவைக் காக்காது. நா திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டியதைக் காக்கும். இந்த வரம்பைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஏமாற்றமில்லை.

நா அடியோடு துருப்பிடிக்காமல் இருக்க இரண்டு சிறு பயிற்சிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். துணி துவைக்கும்போது, வானொலியில் பேசுகிறவர் சொல்வதை அரை நொடி பின்னால் நானும் முணுமுணுத்துக்கொண்டே செல்வது ஒன்று. நாவும் தாடையும் அந்த வேகத்துக்குப் பழகுகின்றன. விடுதியில் இதைக் கேட்ட பஞ்சாபித் தோழி, நான் ஏதோ விரதமிருந்து மந்திரம் ஜபிப்பதாகப் பல நாள் எண்ணியிருந்தாள். மற்றொன்று வாரம் ஒரு முறை, ஒரே ஒரு நிமிடப் பேச்சைக் கேட்டுச் சொல் விடாமல் எழுதுவது. ஸ்பானிஷில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப் போவதால் இது இயலுகிறது. நான் மேலே சொன்ன 'ஆப்லோ' தொல்லை இங்கேதான் அகப்படுகிறது. அழுத்தக் குறியை வைப்பதா விடுவதா என்று பேனா நிற்கும்போது காது தானாக விழித்துக்கொள்ளும். 'ராடியோ அம்புலாந்தே' என்ற நிகழ்ச்சி லத்தீன் அமெரிக்க நாடுகளின் உண்மைக் கதைகளைச் சொல்வது. அதன் பேச்சை எழுத்து வடிவிலும் வெளியிடுகிறார்கள். நாம் எழுதியதைச் சரிபார்க்க வசதியாக இருக்கிறது.

திரைப்படமும் தொடர்களும் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் ஓடும் வரிகளை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் படம் பார்ப்பது படம் பார்ப்பதாகும், ஸ்பானிஷ் கேட்பதாகாது. 2009-இல் நெதர்லாந்து நாட்டில் ஓர் ஆய்வு செய்தார்கள். டச்சு மொழியினருக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் ஆங்கிலப் படங்களைக் காட்டினார்கள். ஆங்கில வரிகளோடு பார்த்தவர்களின் காது அந்த உச்சரிப்புக்குத் தேறியது. டச்சு வரிகளோடு பார்த்தவர்களுக்கு அந்த வரிகள் இடைஞ்சலாகவே இருந்தன. ஆகவே வரி வேண்டுமென்றால் ஸ்பானிஷ் வரியையே வையுங்கள். பாட்டும் அப்படித்தான். 2017-இல் 'தெஸ்பாசீதோ' என்ற பாட்டு நம் கல்லூரி விழாக்களிலெல்லாம் முழங்கியது. பாடியவர்களுள் அதன் பொருள் 'மெல்ல மெல்ல' என்று அறிந்தவர் எத்தனை பேர்? மெட்டு ஏறிவிட்டால் சொல் அதன் நிழலில் உறங்கிவிடுகிறது.

ஒரே நாட்டின் குரலை மட்டும் கேட்டுப் பழகுவதும் சரியன்று. இருபது நாடுகளில் ஆட்சி மொழியாக இருப்பது ஸ்பானிஷ். கனாரித் தீவுகளிலும் கியூபாவிலும் சொல்லின் ஈற்றுச் சகரம் பெருமூச்சாகத் தேய்ந்துவிடும். மாட்ரிட் செய்தி அறிவிப்பாளரை மட்டும் கேட்டவர் அங்கே போய்த் திகைத்து நிற்பார். சொற்களும் ஊருக்கு ஊர் வேறுபடும். கனாரித் தீவில் 'குவாகுவா' என்றால் பேருந்து. சிலி நாட்டில் 'குவாகுவா' என்றால் கைக்குழந்தை. வானவியல் மாணவர் இரண்டு ஊருக்கும் போக நேரலாம் என்பதால் எதைப் பிடிக்க ஓடுகிறோம் என்று தெரிந்து ஓடுவது நலம்.

கடைசியாக, எண்கள். படித்த மொழியில் என்னை விட்டு முதலில் ஓடப் பார்ப்பவை எண்களே. 'சேசேந்தா' அறுபது, 'சேதேந்தா' எழுபது, நடுவில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. விஞ்ஞானம் படிக்கிறவருக்கு இதில் தடுமாற்றம் கூடாது. இதற்கு ஸ்பெயின் நாட்டார் தம்மை அறியாமலே ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கிறிஸ்துமஸ் லாட்டரி 1812-இல் காடிஸ் நகரில் தொடங்கியது. இன்று ஆண்டுதோறும் டிசம்பர் 22 அன்று மாட்ரிட்டில் குலுக்கல் நடக்கிறது. சான் இல்தெபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் பந்துகளை எடுத்து, ஒரு பிள்ளை ஐந்திலக்க எண்ணையும் மற்றொரு பிள்ளை பரிசுத் தொகையையும் ராகத்தோடு பாடுவார்கள். பெரும்பாலும் பரிசு ஆயிரம் யூரோதான்; எண் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது. இப்படி நான்கு மணி நேரம்போல் நடக்கிறது. இதைவிடச் சிறந்த பாடத்தை எந்த ஆசிரியரும் தயாரித்துவிட முடியாது. சீட்டு வாங்கச் சொல்லவில்லை, கேட்கத்தான் சொல்கிறேன்.

நம் நேரப்படி அது பகல் ஒன்றரை மணிக்குத் தொடங்கும். வருகிற டிசம்பர் 22 அன்று நூலகத்துக்குப் பின்னாலுள்ள புல்வெளியில், வெயில் விழும் பக்கமாக, கைபேசியும் ஒரு சிறு ஒலிபெருக்கியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் படித்துவிட்டு மறந்துகொண்டிருக்கும் தமிழ் அன்பர்கள் மூவராவது இருப்பதாக அறிகிறேன். காகிதமும் பென்சிலும் கொண்டு வாருங்கள். முதல் நூறு எண்களை யார் பிழையின்றி எழுதுகிறார் என்று பார்ப்போம்.